படகுக்காரியின் பாட்டு

என் கணவர் வாழ்நாளில் ஒரே ஒரு பாட்டுத்தான் எழுதினார். அதுவும் இன்னொருத்திக்கு. இதை நான் சொல்லித்தான் ஊருக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. பாலாவிச் சந்தியில் பிளேன்டீ குடிக்கிற லொறிக்காரருக்குத் தெரியும், கல்பிட்டி பஸ் கொண்டக்டருக்குத் தெரியும், கனமூலையில் கலியாண வீடுகளுக்குச் சோறாக்கப் போகிற ஆட்களுக்கும் தெரியும். என்னிடமே வந்து, “உங்கட மாப்புள்ளட அந்தப் பாட்டக் கேட்டா இன்னமும் கண்ணால தண்ணி வரும் ராத்தா” என்று சொல்ல எவருக்கும் வெட்கம் இருந்ததில்லை. நானும் “ஓம், நல்ல பாட்டுத்தான்” என்பேன். வேறு என்னத்தைச் சொல்ல?

பாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது ஒரு மெதுவான பொப் பாட்டு. முதலில் ஓர்கன் தனியாக நின்று மூக்குறிஞ்சும். அது அழுது முடிகிற நேரம் பார்த்துக் கிற்றார் வந்து ஆறுதல் சொல்லும். பிறகு என் கணவர் தொண்டையை இறக்கி, ‘பாராமல் போனவளே, ஒரு பார்வை தாராமல் போனவளே’ என்று தொடங்குவார். அவருக்கு நல்ல குரல்தான், அதை நான் எப்போதும் மறுத்ததில்லை. பாட்டு முழுக்க ஒரு மனிதன் நிற்கிறான், ஒரு பெண் அவனைப் பார்க்காமல் போகிறாள், அவ்வளவுதான். இதற்குத்தான் ஒரு தலைமுறையே கைலேஞ்சியோடு உட்கார்ந்து அழுதது.

பாட்டில் படகு என்று ஒரு சொல் கிடையாது. படகு வந்தது மேடையில். பாட்டைத் தொடங்க முன்னம் அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “இந்தப் பாட்டு, மன்னார்க் கரையில ஒரு படகில ஏறி, திரும்பிப் பாக்காமப் போன ஒருத்திக்கு” என்பார். அவ்வளவுதான் சொல்வார், அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. மிச்சத்தைச் சனம் தானே சேர்த்துக்கொண்டது. நாங்கள் எல்லாரும் தொண்ணூறில் புலிகள் விரட்ட, மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு படகேறி வந்த சனம். படகு என்றால் போதும், எங்கள் ஆட்களுக்கு வேறு எதுவும் தேவையில்லை.

பாட்டுக்குப் பின்னால் இருந்தவர்கள் நாலு பேர். பாலாவிக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டில்களில் நாங்கள் அகதிகளாக இருந்த காலத்தில் சேர்ந்த கூட்டம். சிலாபத்தில் யாரோ கழித்துவிட்ட கிற்றார் ஒன்று, ஒரு கலியாண வீட்டுக்காரர் இரக்கப்பட்டுக் கொடுத்த ஓர்கன், பெயின்ட் வாளியும் ரபான் மேளமும் சேர்த்துக் கட்டிய ட்ரம், அதோடு என் கணவரின் தொண்டை. இந்தச் சொத்தை வைத்துக்கொண்டு இங்கிலீசில் ஒரு பெரிய பெயரும் வைத்தார்கள். பெயரில் ‘போய்ஸ்’ என்று ஒரு சொல் இருந்தது. பேரப்பிள்ளை எடுத்த பிறகும் அவர்கள் போய்ஸ்தான். நாலு பேருக்கும் ஒரே மாதிரி சேர்ட் வேண்டும் என்று புத்தளம் டவுனில் போய்த் துணி எடுத்தார்கள், எடுத்தது ஜன்னலுக்குப் போடுகிற திரைத் துணி. பெரிய பெரிய சிவப்புப் பூ. மேடையில் நின்றால் நாலு ஜன்னல் வரிசையாக நிற்கிற மாதிரி இருக்கும்.

ஆனால் கொழும்புக்குப் போய் அந்தப் பாட்டைக் கசட்டில் பதிந்து வந்தார்கள். கசட் ஓடியது. வண்ணாத்திவில்லில் இருந்து சிலாபம் வரைக்கும் பஸ்ஸில், கடையில், கலியாணத்தில் ஓடியது. அந்த ஒரு பாட்டோடு கதை முடிந்தது. இரண்டாவது கசட் போட்டார்கள், அதை அவர்கள் நாலு பேரும்கூட வாங்கவில்லை.

கசட் ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் அவருடைய உம்மா எங்கள் கொட்டிலுக்கு வந்து என்னைப் பெண் கேட்டார். என் வாப்பா யோசித்தார், பாட்டுக்காரன் என்று இழுத்தார், பிறகு நல்ல குடும்பம் என்று சம்மதித்தார். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஒன்றைத்தான் கேட்டிருப்பேன்: படகில் போனவள் கிடைக்கவில்லை என்றுதானா என்னிடம் வந்திருக்கிறார்கள்? ஊரே அந்தப் படகுக்காரிக்காக உருகிக்கொண்டிருந்த நேரம் அது. நான் அவளுடைய மிச்சத்துக்குப் போய் வாழ்க்கைப்பட்டேன். அப்படித்தான் நான் நினைத்தேன், முப்பது வருசத்துக்குக் கிட்ட அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நினைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் நானில்லை. கலியாணம் முடிந்த கையோடே, “உங்கட படகுக்காரி இப்ப எந்தக் கரையில ஈக்கிறா?” என்று கேட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தார். சும்மா சிரிப்பில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அன்றிலிருந்து அவளை நான் விடவில்லை. கறியில் உப்புக் குறைந்து அவர் முகத்தைச் சுளித்தால், “படகுக்காரி ஆக்கியிருந்தா ருசியா இருந்திருக்கும்” என்பேன். “ஓம், அவ நல்லா ஆக்குவா” என்பார். பெருநாளைக்குப் புதுச் சேலை எடுத்து வந்தால், “அவவுக்கும் ஒண்டு எடுத்தீங்களா?” என்பேன். “எடுத்தனே” என்று சிரிப்பார். மனிதனுக்குக் கொஞ்சம்கூட ரோசம் இல்லையா என்று யோசிப்பேன். ஒரு தடவையாவது ‘அப்படி யாருமில்லை’ என்று சொல்வார் என்று பார்த்தேன், சொல்லவில்லை.

நேரே கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். என் மகளும் அப்படித்தான் கேட்டாள். நேரே கேட்டால் அவர் ஒரு பெயரைச் சொல்லிவிடுவார் என்று எனக்குப் பயம். பெயர் தெரியாத ஒருத்தியோடு சண்டை பிடிக்கலாம், ஏசலாம், பகிடி பண்ணலாம். பெயர் தெரிந்துவிட்டால் அவள் வீட்டுக்குள் வந்து குந்திக்கொள்வாள். அதனால் நான் கேட்கவில்லை, பாட்டையும் வீட்டில் போடவிடவில்லை. ரேடியோவில் அந்த ஓர்கன் மூக்குறிஞ்சத் தொடங்கினால் சுவிட்சை அணைத்துவிடுவேன். அவரும் பேசாமல் இருப்பார்.

பிறகு ஒரு நாள் சுபஹுத் தொழுகைக்கு எழும்பின மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்கிடையில் மௌத்தாகிவிட்டார். நான் இத்தா இருக்கத் தொடங்கினேன்.

இத்தா என்றால் புருசன் மௌத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும், அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது. மார்க்கம் சொன்னது அவ்வளவுதான். மிச்சத்தைப் பக்கத்து வீட்டு மாமி சொன்னார். கண்ணாடிக்குச் சீலை போட்டு மூடினார். டீவியைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். முற்றத்துப் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டாம், அங்கே சேவல் மேய்கிறது என்றார். சேவலும் அந்நிய ஆணாம். எந்தக் கிதாபில் வாசித்தாரோ தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் அதுவும் குற்றம் என்று வாயை மூடிக்கொண்டேன். சிரிப்பைச் சொல்ல வீட்டில் ஆளும் இல்லை. அப்படியான நேரங்களில்தான் அவர் போய்விட்டார் என்பது எனக்கு நெஞ்சில் இடிக்கும்.

இதற்கிடையில் அந்தப் பாட்டுக்கு மறுபடி உயிர் வந்துவிட்டது. அவரை அடக்கம் செய்த செய்தியோடு யாரோ பாட்டையும் சேர்த்து போனில் அனுப்பியிருக்கிறார்கள். அது சுற்றிச் சுற்றி, இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதற்கு வாயசைத்து வீடியோ போடுகிறார்களாம். பக்கத்து வீட்டில் போன் அடித்தாலும் ‘பாராமல் போனவளே’ என்றுதான் அடிக்கும். உயிரோடு இருக்கும்போது நான் அணைத்து வைத்த பாட்டு, அவர் போன பிறகு நாலு பக்கத்துச் சுவராலும் உள்ளே வந்தது. எனக்கோ வெளியே போகவும் வழியில்லை.

இத்தா பாதி கடந்த நேரம் கொழும்பிலிருந்து ஒரு வீடியோச் சனலுக்காரர் என் மகளுக்குப் போன் பண்ணினார். வாப்பாவின் நினைவாக ஒரு படம் செய்யப் போகிறோம், வாப்பாவின் கூட்டாளிகள் மூன்று பேரையும் வீட்டில் வைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்றார். மகள் வந்து சொன்னாள். “வாப்பாட ஞாபகமா இருக்கும் உம்மா.” படத்தின் பெயர் என்ன என்று கேட்டேன். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “படகில் போனவள்” என்றாள். அது மட்டுமில்லையாம், அந்தப் பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்தும் விட்டார்களாம். மன்னாரில் இருக்கிறாளாம். பதிவு செய்கிற அன்று போனில் எடுத்துக் கதைக்கப் போகிறார்களாம்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவளுடைய குரலை ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு அரிப்பு. முப்பது வருசம் ஏசின ஒருத்தி எப்படிக் கதைப்பாள் என்று தெரிய வேண்டாமா? “வரட்டும், வந்து எடுக்கட்டும்” என்றேன். மகள் என்னை நம்பாமல் பார்த்தாள்.

முன் ஹோலுக்கும் என் அறைக்கும் நடுவில் கதவுக்குப் பதிலாக இரண்டு படுக்கை விரிப்பை மடித்துத் தொங்கவிட்டோம். நான் உள்ளே கட்டிலில், அவர்கள் வெளியே கதிரையில். நான் அவர்களைப் பார்க்க முடியாது, அவர்களும் என்னைப் பார்க்க முடியாது. கேட்கிறதுக்கு ஒரு தடையும் இல்லை.

முதலில் வந்தவர் கிற்றார்க்காரர். இப்போது அவர் பள்ளிவாசல் நிருவாகத்தில் பெரிய ஆள், நெஞ்சு வரைக்கும் தாடி. கிற்றாரா, நானா, எப்போது என்று கேட்கிற நிலைக்கு வந்துவிட்டவர். அவர் சமூக சேவையைப் பற்றி மட்டும் கதைப்பதாகச் சொல்லித்தான் வந்தார். அடுத்தவர் ஓர்கன்காரர். பாலாவியில் உப்பு விளைகிற வாய்க்கால் வைத்திருக்கிறார், வாயைத் திறந்தால் மழையையும் உப்பு விலையையும் தவிர வேறு ஒன்றும் வராது. மூன்றாமவர் ட்ரம்காரர், சீமெந்து லொறி ஓட்டி இளைப்பாறியவர். இவருக்கு மட்டும்தான் வாய். மற்ற மூன்று பேரின் பங்கையும் அல்லாஹ் இவருக்கே கொடுத்துவிட்டான்.

“மச்சி, ஸலாம். சுகமா இருக்கிறீங்களா?” என்று மூவரும் விரிப்பைப் பார்த்துச் சொன்னார்கள். கூட்டாளியின் மனைவி என்ற முறையில் என்னை மச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். நான் பதில் ஸலாம் சொன்னேன். கிற்றார்க்காரர் உடனே, “மச்சி, இத்தாவில தேவைக்கு மட்டும் கதைச்சாப் போதும், சிரமப்பட வேணாம்” என்று மார்க்கம் சொன்னார். ஜன்னல் சேர்ட் போட்டு ஆடினவர் சொல்கிறார், கேட்டுக்கொள்வோம் என்று நானும் இருந்தேன்.

சனலுக்காரர் கேள்வி கேட்கத் தொடங்கினார். தேன் ஒழுகுகிற குரல். “அந்தப் படகில் போன பெண்ணைப் பற்றிச் சொல்லுங்களேன்.” ட்ரம்காரருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? கயிறு திரிக்கத் தொடங்கினார். படகுக்குப் பச்சை நிறம் வந்தது. அவளுடைய முக்காட்டுக்கு மஞ்சள் நிறம் வந்தது. கடலில் காற்று எழும்பியது. என் கணவர் இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கி நின்றாராம், அலை அடித்து விழுந்தாராம், ஓர்கன்காரர்தான் தூக்கினாராம். “ஓம் ஓம்” என்றார் ஓர்கன்காரர். என் கணவர் தலையில் தண்ணீர் ஊற்றுவதற்கே இரண்டு தடவை யோசிக்கிற மனிதர். ட்ரம்காரர் அத்தோடு விடவில்லை, விசும்பினார். இவர் கூசாமல் அழுவதைக் கேட்டு என் மகளும் பின்னால் நின்று மூக்கை உறிஞ்சினாள். கட்டிலில் இருந்து நான் விரிப்பை முறைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு, “இப்போது ஓர் ஆச்சரியம்” என்றார் சனலுக்காரர். போன் ஒலிபெருக்கியில் போட்டது கேட்டது. ஒரு பெண்ணின் குரல் வந்தது. நல்ல குரல், மெத்தென்று, பணிவாக. அவள் எனக்கு நேரே முன்னால் வந்து நின்ற மாதிரி இருந்தது. “ஓம், அது நான்தான்” என்றாள். “எத்தன வருசமா இத நெஞ்சில வச்சிக்கொண்டு வாழ்றன். எங்கட ஊர்ல, கரையில ஒரு பனை மரத்தடியில இருந்து அவர் அந்தப் பாட்ட எனக்கு முழுசாப் படிச்சுக் காட்டினவர். அடுத்த நாள்தான் நாங்க படகேறினது.”

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோபமா, அவமானமா என்று கேட்டால் இரண்டும்தான். எனக்கு ஒரு வரிகூடப் பாடிக் காட்டாத மனிதர், ஒருத்திக்கு மரத்தடியில் இருந்து முழுப் பாட்டும் பாடியிருக்கிறார். உம்மாவைப் பெண் கேட்க அனுப்புவதற்கு முன்னம் இதையெல்லாம் ஆடி முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். மௌத்தான மனிதரைப் பற்றி நினைக்கக் கூடாததையெல்லாம் நினைத்தேன்.

அப்போதுதான் வெளியே கதிரை ஒன்று நகர்ந்த சத்தம் கேட்டது. “இல்ல, இது பெரிய பொய்!” என்றார் கிற்றார்க்காரர். “அல்லாவுக்குப் பொதுவாச் சொல்றன். மன்னார்ல இந்தப் பாட்டே இல்ல. இது கேம்ப்ல கட்டின பாட்டு. பாலாவி கேம்ப்ல, என்ட கொட்டிலுக்குள்ள. நான்தான் மெட்டுப் போட்டன்!” பத்துப் பதினைந்து வருசமாக மறுத்து வந்த பாவத்தை மனிதர் கமராவுக்கு முன்னால் பெருமையோடு ஒத்துக்கொண்டார். “சும்மா இருங்க மச்சான்” என்று ட்ரம்காரர் அடக்கப் பார்த்தார். “நீ சும்மா இரு! நாம சொன்ன பொய் போதாதா? இப்ப ஒவ்வொருத்தியா வந்து சொந்தம் கொண்டாடுறாளுவள்.” போனில் அந்தக் குரல் “ஹலோ, ஹலோ” என்றது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

தேவைக்கு மட்டும் கதைக்கலாம் என்று சொன்னார்களே, எனக்குத் தேவை வந்துவிட்டது. கட்டிலை விட்டு எழும்பி விரிப்புக்குக் கிட்டப் போய் நின்றேன். “என்ன பொய்?” என்றேன். “கேக்கிறன், என்ன பொய் சொன்னீங்க? அப்ப அந்தப் பாட்டு யாருக்குக் கட்டினது?”

வாயாடி ட்ரம்காரர்தான், ஏதோ சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி, “மச்சி... உங்களுக்குத் தெரியாதா?” என்றார்.

“தெரிஞ்சா ஏன் கேக்கிறன்?”

“யா அல்லாஹ். தெரியும் எண்டுதானே நாங்க நெனச்சிக்கொண்டு இருந்தம். உங்களுக்குத்தான் மச்சி. உங்களுக்குத்தானே அந்தப் பாட்டு.”

நான் விரிப்பைப் பிடித்துக்கொண்டேன். ட்ரம்காரர் சொன்னார், இந்தத் தடவை விசும்பல் ஒன்றும் சேர்க்காமல் சொன்னார். பாட்டுக்கு முதலில் இரண்டு சரணம் இருந்ததாம். இரண்டாவது சரணத்தைக் கேட்டால் கேம்பில் இருக்கிற சின்னப் பிள்ளைக்கும் ஆள் யார் என்று விளங்கிவிடுமாம். முதல் மேடை கேம்பிலேயே. முன் வரிசையில் என் வாப்பா. “கொமருப் புள்ளட கதை பாட்டுல வந்தா, பிறகு யார் அவளக் கலியாணம் முடிப்பாங்க? உங்கட வாப்பா எங்கட கால முறிச்சிருப்பாரு. அதுதான் சரணத்த வெட்டினம். நான்தான் சொன்னன், படகில போனவள் எண்டு ஒண்டப் போடுவம், அவளத் தேடி யாரும் வரமாட்டாங்க எண்டு. பிறகு சனத்துக்கு அந்தப் படகு நல்லாப் புடிச்சிட்டு. கசட்லயும் சரணம் இல்லாமலே போயிட்டு.”

“படிங்க” என்றேன்.

“மச்சி?”

“அந்தச் சரணத்தப் படிங்க.”

ட்ரம்காரருக்கு வரி மறந்துவிட்டது. ஓர்கன்காரருக்கு மெட்டு மட்டும் தெரியும் என்றார், வாழ்நாளில் முதல் தடவையாக மழையைப் பற்றி இல்லாத ஒரு வசனம். பிறகு கிற்றார்க்காரர் தொண்டையைச் செருமினார். “வாத்தியம் இல்லாம வாயால படிக்கிறதுதானே” என்று தனக்குத் தானே ஒரு ஃபத்வா கொடுத்துக்கொண்டு, நடுங்குகிற குரலில் படித்தார்.

‘குடத்தை இடுப்பில் வைத்தாய், கொஞ்சம்
கோபத்தை முகத்தில் வைத்தாய்.
வரிசையில் நின்றோர் எல்லாம் உன்
வாய்க்குப் பயந்து வழிவிட்டார்.
எனக்கென ஒரு சொல் இல்லையா, அதில்
ஏச்சென்றாலும் போதுமே.’

நான்தான். வேறு யாராக இருக்க முடியும்? கேம்புக்குத் தண்ணீர் பவுசரில் வரும். வருகிற நேரம் யாருக்கும் தெரியாது, வந்தால் ஊரே வாளியோடு ஓடும். என் உம்மா படுத்த படுக்கை, கொட்டிலுக்குள் தம்பி தங்கச்சிமார் தாகத்தில் அழுதுகொண்டிருப்பார்கள். எனக்கு வரிசையில் நிற்க நேரமில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே போய் முன்னால் நிற்பேன், ஏதாவது சொன்னால் ஏசிக் கலைப்பேன். பவுசருக்குப் பக்கத்தில் வாளியோடு ஒரு நெட்டை நெடுவல் எப்போதும் நிற்கும். வரிசையில் சேராது, தண்ணீரும் பிடிக்காது. இது ஒரு பைத்தியம் என்று நினைத்திருக்கிறேன். ஒரு பார்வை பார்த்ததில்லை. பார்க்க எனக்கு எங்கே நேரம்? பெண் பார்க்க வந்த அன்று சவரம் செய்து, எண்ணெய் வைத்து, வெள்ளைச் சாரம் உடுத்து வந்து இருந்தவர்தான் அந்த நெடுவல் என்று எனக்கு எப்படித் தெரியும்?

“இத ஏன் அவர் எனக்குச் சொல்லல்ல?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“சொல்லத்தான் இருந்தவர் மச்சி” என்றார் ட்ரம்காரர். “கலியாணம் முடிஞ்ச கையோட சொல்றன் எண்டுதான் சொன்னவர். அதுக்கிடையில நீங்க அந்தப் படகுக்காரிய ஏசத் தொடங்கிட்டீங்களாம். அடுத்த நாள் வந்து சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னார். ‘டேய், அவ எனக்காகப் பொறாமப்படுறாடா. என்ட வாழ்க்கையில எனக்காக யாரும் இப்படிப் பொறாமப்பட்டதில்ல. ஒருத்தனும் வாயத் தொறந்து கெடுத்துராதீங்க’ எண்டார். நாங்க என்ன, ஒரு மாசம் ரெண்டு மாசத்தில சொல்லியிருப்பார் எண்டு நெனச்சம்.”

நான் அழுதேன். விரிப்புக்குப் பின்னால் நின்று வாய்விட்டு அழுதேன். மௌத்து வீட்டில்கூட நான் அப்படி அழவில்லை. மகள் உள்ளே வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அடப் பாவி மனுசா என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்ல வந்தது. அடப் பாவி மனுசா, ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? முப்பது வருசம் நானும் என்னையே பிடித்து ஏசிக்கொண்டிருந்திருக்கிறேன், நீ பக்கத்தில் இருந்து சோறு தின்றுகொண்டு வேடிக்கை பார்த்திருக்கிறாய்.

சனலுக்காரருக்குத்தான் பெரிய கவலை. மகளைத் தனியாகக் கூப்பிட்டு, இது நல்ல கதைதான், ஆனால் படத்துக்குப் பெயர் வைத்தாயிற்று, படகுப் படம் போட்டு விளம்பரமும் போட்டாயிற்று என்றாராம். தண்ணீர் பவுசரை வைத்து எப்படிக் காதல் படம் எடுப்பது? தேனாகக் கதைத்தவர் அவசர அவசரமாகச் சாமானைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

கொஞ்ச நாளில் படம் வந்தது. பச்சைப் படகு இருந்தது, மஞ்சள் முக்காடு இருந்தது, இடுப்பளவு தண்ணீர் இருந்தது. போனில் கதைத்த பெண்ணும் இருந்தாள், பனை மரத்தடியோடு. கிற்றார்க்காரர் எழும்பிக் கத்தின இடத்தில் கடலைக் காட்டினார்கள். என் குரலும் இல்லை, சரணமும் இல்லை. ஊர் முழுக்கப் பார்த்து அழுததாம். பக்கத்து வீட்டு மாமி வந்து, “அந்தப் படகுப் பொம்புளையப் பாத்தா பாவமா ஈக்கி” என்றார். ஓம், பாவம்தான் என்றேன். மகளுக்குத்தான் ஆத்திரம், கீழே உண்மையை எழுதிப் போடப் போகிறேன் என்று போனோடு நின்றாள். வேண்டாம் என்றேன். ஊருக்குத் தெரிந்து எனக்கு இனி என்ன ஆகப் போகிறது? தெரிய வேண்டிய ஆளுக்கு முப்பது வருசம் பிந்தித் தெரிந்திருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் போகிற வழியில் கிற்றார்க்காரர் வந்தார். விரிப்புக்கு வெளியே நின்றுகொண்டு, படத்தில் சரணத்தை வெட்டிவிட்டார்களே மச்சி, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். இந்தத் தடவை வெட்டினது அவரா என்ன? எங்கள் ஊரில் மௌத்தானவர்களை அடக்குகிற மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. போகலாம் என்றிருந்தால், இத்தா முடிந்த அடுத்த நாளே போய் அந்தக் கபுறுக்குத் தலைமாட்டில் நின்று ஒரு சண்டை பிடித்திருப்பேன், பக்கத்துக் கபுறுக்காரர் எல்லாம் எழும்பி வந்திருப்பார்கள்.

“தொழுதிட்டு மையவாடிப் பக்கம் போவீங்கதானே?” என்று கேட்டேன்.

“ஓம் மச்சி, ஒவ்வொரு கெழமையும் போறதான்.”

“என்ட ஸலாத்தச் சொல்லுங்க. ரெண்டாம் சரணத்தக் கேட்டுட்டா எண்டு சொல்லுங்க.”

அவர் மெதுவாக, “வேற ஏதும் சொல்லவா மச்சி?” என்றார்.

“ஏசல்ல எண்டு நெனக்க வேணாம் எண்டும் சொல்லுங்க. எல்லாத்தையும் சேத்து வச்சிருக்கிறன், வந்து நேர்ல ஏசிக்கொள்றன்.”